யூதத் தொழுகைக்கூடத்தில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள்? ரபி முதல் பாடசாலை ஆசிரியர் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்களும், அமெரிக்காவில் யூதக் குடும்பங்களோடு பழகுகிறவர்களும், பைபிள் வழியாக யூதர்களைப் பற்றித் தெரிந்துகொண்டவர்களும் கேட்கிற கேள்விகள் இங்கே உள்ளன. பெரும்பாலோர் முதலில் கேட்பதையே முதலில் வைத்திருக்கிறேன்.

ரபி என்பவர் பூசாரியா, பாதிரியாரா?

இரண்டும் இல்லை. அவர் யூதச் சட்டத்தையும் நூல்களையும் முறையாகப் படித்துத் தேறியவர், அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பவர். கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவில் நிற்கும் வேலை அவருக்குக் கிடையாது. பாவமன்னிப்பு வழங்கமாட்டார். பெரும்பாலோர் கல்யாணமாகிப் பிள்ளைகுட்டிகளோடு இருப்பவர்கள்.

பூசாரிக் குலம் யூதர்களிடம் இருந்தது உண்மைதான். ஆரோனின் வழிவந்த கோஹேன்கள் எருசலேம் ஆலயத்தில் பலி செலுத்தினார்கள், லேவியர்கள் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கி.பி. 70இல் ரோமானியப் படை அந்த ஆலயத்தை அழித்தது. பலியும் அதோடு நின்றது. அந்த இடத்தைத் தொழுகையும் படிப்பும் பிடித்துக்கொண்டன. பிறப்பால் வந்த மரியாதை பின்னுக்குப் போய், படித்தால் கிடைக்கும் மரியாதை முன்னுக்கு வந்தது. யூத வரலாற்றிலேயே பெரிய திருப்பம் இதுதான் என்பது என் எண்ணம்.

கோஹேன் குடும்பங்கள் இன்றும் உண்டு. தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள். அதன் வாசிப்புக்கு முதலில் அழைக்கப்படுபவர் கோஹேன், அடுத்தவர் லேவி. கைகளை உயர்த்திச் சபையை ஆசீர்வதிப்பதும் கோஹேன்கள்தான். ஆனால் ரபி ஆவதற்கு இந்தப் பரம்பரை தேவையில்லை. யூதச் சட்ட விவாதங்களின் பழந்தொகுப்பான தல்மூதில் வரும் ரபி யோகனான், செருப்புத் தைத்துப் பிழைத்தவர். அந்தத் தொழில் அவர் பெயரோடேயே ஒட்டியிருக்கிறது.

ரபி இல்லாவிட்டால் தொழுகை நடக்குமா?

தாராளமாக நடக்கும். தேவை பத்துப் பேர். 13 வயது நிரம்பிய பத்து யூதர்கள் கூடினால் அது மின்யான். அது இருந்தால்தான் தோராச் சுருளை எடுத்துச் சபையில் வாசிக்கலாம், இறந்தவர்களுக்காக வீட்டார் சொல்லும் கதீஷ் வேண்டுதலையும் சொல்லலாம். பழைய விதிகளை விடாமல் காக்கும் ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இந்தப் பத்தும் ஆண்களாக இருக்க வேண்டும். காலத்துக்கேற்ப விதிகளை மாற்றிக்கொள்ளும் சீர்திருத்தச் சபைகள் பெண்களையும் எண்ணுகின்றன. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு 1973இல் பெண்களைச் சேர்த்து எண்ண அனுமதித்தது.

ஒன்பது ரபிகள் கூடினாலும் மின்யான் ஆகாது, பத்துச் செருப்புத் தைப்பவர்கள் கூடினால் ஆகிவிடும் என்று கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் ஒரு பழமொழி உண்டு.

கொச்சி யூதர்களுக்கு ரபியே இருந்ததில்லை என்கிறார்களே?

உண்மை. பல நூற்றாண்டுகளாக அங்கே பட்டம் பெற்ற ரபி யாரும் இல்லாமலேயே சமூகம் இயங்கியது. தொழுகையை நடத்த, தோரா வாசிக்க, பிள்ளைகளுக்கு எபிரேயம் கற்பிக்க உள்ளூரிலேயே தேர்ந்தவர்கள் இருந்தார்கள். கேரளத்துப் பழைய தொழுகைக்கூடங்கள் சிலவற்றில் பிள்ளைகள் படிக்கத் தனி அறை உண்டு. சமூகத் தலைவரைக் கொச்சி அரசர் அங்கீகரித்தார். அந்தத் தலைவருக்குப் பட்டம் முதலியார். ஆம், நமக்குப் பழகிய அதே முதலியார்தான்.

இன்னொரு விஷயத்தை அங்கே போகிறவர்கள் கவனிக்க வேண்டும். தோரா வாசிக்கும் மேடை பெரும்பாலான ஊர்களில் தரைத்தளத்தில்தான் இருக்கும். கேரளத்தில் மாடியிலும் ஒரு மேடை இருக்கும், பெண்கள் உட்காரும் பகுதிக்கு முன்னால். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசித் தொழுகைக்கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நீல வெள்ளைச் சீனத் தரையோடுகளில் நின்று அண்ணாந்து பார்த்தால் அது தெரியும்.

சரி, சட்டச் சிக்கல் வந்தால் யாரிடம் போவார்கள்? கடிதம் எழுதுவார்கள். ரபிகளுக்குக் கேள்வி எழுதி அனுப்புவதும், வந்த பதிலைத் தொகுத்து வைப்பதும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வழக்கம். 16ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு அப்படி ஒரு கேள்வி போனது. பெற்றவர் அன்றைய பேரறிஞர் ரபி டேவிட் இபன் சிம்ரா. கேள்வி இதுதான். தங்களைத் தூய வம்சம் என்று சொல்லிக்கொண்ட ஒரு பிரிவினர், மற்றவர்களை அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கி, அவர்களோடு சம்பந்தம் வைத்துக்கொள்ள மறுக்கிறார்கள். இது சரியா? விடுதலையும் சடங்கு முழுக்கும் முறைப்படி நடந்துவிட்டால் அவர்கள் முழு யூதர்களே, பெண் கொடுக்கலாம் எடுக்கலாம் என்று பதில் வந்தது.

பதில் வந்தும் நடைமுறை மாறவில்லை. ஒதுக்கப்பட்ட குடும்பத்தினர் பரதேசித் தொழுகைக்கூடத்தின் பிரதானக் கூடத்தில் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார முடியாத நிலை 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. சென்னையில் சட்டம் படித்துத் திரும்பிய ஏ. பி. சேலம் (1882-1967) அதே குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர். காந்தியின் வழியைத் தொழுகைக்கூடத்துக்கு உள்ளேயே கொண்டுபோய்ச் சத்தியாகிரகம் செய்து அந்தத் தடைகளை உடைத்தார். யூத காந்தி என்றே அவரைச் சொல்வார்கள். தமிழ் வாசகருக்கு இந்தக் கதையை மேலும் விளக்க வேண்டியதில்லை. ரபியின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அவர் தீர்ப்புச் சொல்லலாம், அதை நடத்திக்காட்ட வேண்டியது சபைதான்.

அப்படியானால் பாடி நடத்துபவர் யார்?

அவர் ஹஸான். அமெரிக்காவில் கேன்டர் என்பார்கள். தேவாரத்துக்குப் பண் இருப்பதுபோல யூதத் தொழுகைக்கும் பொழுதுக்கும் பருவத்துக்கும் ஏற்ற மெட்டு முறை இருக்கிறது, அதற்கு நுசாக் என்று பெயர். வெள்ளி மாலைக்கு ஒன்று, சாதாரண வார நாளுக்கு ஒன்று, புத்தாண்டுக்கும் பாவநிவிர்த்தி நாளுக்கும் வேறு. பழகிய காதுக்கு வார்த்தை புரியாவிட்டாலும் இன்று என்ன நாள் என்று மெட்டை வைத்தே தெரிந்துவிடும்.

பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூர்தான் ஹஸானுக்கு மிகக் கடினமான நாள். சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூட இல்லாத விரதம். முந்தின மாலை கோல் நித்ரே என்ற தொடக்கப் பாடல் மூன்று முறை பாடப்படும். மறுநாள் காலை முதல் நட்சத்திரம் தெரியும் வரை பாட வேண்டும். புத்தாண்டிலும் இந்த நாளிலும் ஒரு கட்டத்தில் அவர் தனக்காகவே ஒரு வேண்டுதல் சொல்வார். இந்த மக்களுக்காகப் பேச எனக்குத் தகுதி போதாது, என் குறைக்காக இவர்களைத் தண்டிக்காதே என்பது அதன் சாரம். கேட்கிறவரை உலுக்கிவிடும்.

ஒரு காலத்தில் ஹஸான்கள் சினிமா நட்சத்திரங்களைப் போலப் புகழோடு இருந்தார்கள். யோசெலே ரோசன்பிளாட் (1882-1933) பாடினால் நியூயார்க்கில் அரங்குகள் நிரம்பும். 1918இல் சிகாகோ ஓபராவில் பாட அழைப்பு வந்தபோது, தொழுகைப் பணிக்கு அது ஒத்துவராது என்று மறுத்துவிட்டார்.

எல்லாச் சபையிலும் சம்பளத்துக்கு ஹஸான் இருப்பார் என்று நினைக்க வேண்டாம். சிறிய சபையில் நல்ல குரலும் எபிரேயமும் உள்ள மளிகைக் கடைக்காரரோ கணக்கரோ முன்னால் வந்து நடத்துவார்.

தோரா வாசிப்பவருக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கிறாரே, அவர் யார்?

கப்பாய். அவர் வேலையைப் புரிந்துகொள்ள முதலில் சுருளைப் பார்க்க வேண்டும். தோல்தாளில் கையால் எழுதிய அந்தச் சுருளில் உயிர்க்குறிகள் இல்லை, நிறுத்தக்குறிகள் இல்லை, ராகக் குறிகளும் இல்லை. மெய்யெழுத்துகள் மட்டும்தான். எந்த உயிரைச் சேர்த்து உச்சரிப்பது, எந்த ஏற்ற இறக்கத்தில் பாடுவது என்று வாசிப்பவர் முன்கூட்டியே மனப்பாடம் செய்திருக்க வேண்டும். அவர் கையில் யாத் என்ற வெள்ளிக் குச்சி இருக்கும், நுனியில் சுட்டுவிரல் நீட்டிய சின்னக் கை. எழுத்தின் மேல் விரல் படாமல் அதை வைத்துத்தான் வரியைத் தொடர்வார்.

கப்பாய் குறிகளோடு அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்தபடி நிற்பார். பொருள் மாறும் அளவுக்குத் தவறு வந்தால் உடனே திருத்துவார், வாசிப்பவர் அந்தச் சொல்லை மறுபடி சொல்ல வேண்டும். வாசிப்பவர் ரபியாக இருந்தாலும் விலக்கு கிடையாது. வார ஓய்வு நாளான சபாத் (சனிக்கிழமை) காலையில் ஏழு பேரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பதும் கப்பாயின் பொறுப்பே. யாருக்கு நினைவு நாள், யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, யார் வெளியூரிலிருந்து வந்திருக்கிறார் என்றெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல இடங்களில் இது சம்பளமில்லாத வேலை.

ரபி ஆக என்ன படிக்க வேண்டும்? யார் நியமிப்பார்கள்?

தல்மூது, சட்டத் தொகுப்புகள், பைபிள் உரைகள், எபிரேயம், அரமேயம். படித்து முடித்தவருக்கு ஸ்மிகா என்ற பட்டம் கிடைக்கும். ஆர்த்தடாக்ஸ் உலகில் யெஷிவா என்ற வேதப் பாடசாலையில் பல ஆண்டு ஊறிய பிறகு தேர்வு நடக்கும். உணவு விதி, சபாத் விதி, துக்க விதி என்று சட்டப் பகுதிகளில் கேள்விகள் இருக்கும். அமெரிக்காவில் சீர்திருத்தப் பிரிவுக்கு 1875இல் சின்சினாட்டியில் தொடங்கிய ஹீப்ரு யூனியன் கல்லூரியும், கன்சர்வேட்டிவ் பிரிவுக்கு 1886இல் நியூயார்க்கில் தொடங்கிய யூத இறையியல் கல்லூரியும் தாய்வீடுகள். அங்கே மனநல ஆலோசனை, மருத்துவமனைப் பணி போன்றவற்றிலும் பயிற்சி உண்டு.

யூதர்களுக்குப் போப் கிடையாது. இஸ்ரேலில் ஐரோப்பிய வழி யூதர்களான அஷ்கெனாசிக்கு ஒருவர், ஸ்பெயின், கிழக்கு நாட்டு வழி யூதர்களான செபார்திக்கு ஒருவர் என இரண்டு தலைமை ரபிகள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் உலகம் முழுவதற்கும் தலைவர்கள் அல்லர். அமெரிக்காவில் ஒவ்வொரு சபையும் குழு அமைத்து, நேர்காணல் நடத்தி, ஒப்பந்தம் போட்டுத் தன் ரபியைத் தானே எடுத்துக்கொள்கிறது. சபைத் தலைவர் ரபி அல்ல, உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்.

வேதம் சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்கலாமா?

நல்ல கேள்வி, அவர்களுக்குள்ளேயே நெடுங்காலம் நடந்த வாதம். தோராவை விலைக்கு விற்கக் கூடாது என்பது பழைய விதி. மருத்துவம் பார்த்துச் சம்பாதித்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் (12ஆம் நூற்றாண்டு), படிப்பைக் காட்டிச் சமூகத்திடம் பணம் வாங்குவதைக் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் முழுநேரம் சமூகத்துக்கே உழைப்பவர் எப்படிச் சாப்பிடுவார்? வேறு வேலை பார்க்க முடியாமல் போன நேரத்துக்கான ஈடு என்று ஊதியத்தை நியாயப்படுத்தினார்கள். இடைக்காலத்தின் பிற்பகுதியிலிருந்து சம்பளம் வாங்கும் ரபிகள் பரவினார்கள்.

சபாத் அன்று பிரசங்கம் செய்கிறார். மற்ற நாட்களில் ரபிக்கு என்ன வேலை?

உண்மையான வேலை அந்த நாட்களில்தான். மருத்துவமனைக்குப் போவது, மணமக்களோடு உட்கார்ந்து பேசுவது, மதம் மாற விரும்புகிறவர்களுக்குப் பாடம் எடுப்பது, அந்தந்த வாரத்துக்கான தோராப் பகுதியை வைத்துப் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துவது. பல சபைகளில் ரபியின் பொறுப்பில் ஒரு நிதி இருக்கும். வாடகை கட்ட முடியாதவருக்கு யாருக்கும் தெரியாமல் அதிலிருந்து கொடுப்பார்.

சாவு வீடு என்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போக வேண்டும், ஏனென்றால் அடக்கத்தைத் தள்ளிப்போடுவது யூத வழக்கமில்லை. உடலைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணி உடுத்துவது ஹெவ்ரா கதிஷா என்ற தொண்டர் குழு. ரபி குடும்பத்தோடு இருப்பார். அடக்கம் முடிந்து ஏழு நாள் ஷிவா என்ற துக்கம் காத்தல். அந்த நாட்களில் துக்க வீட்டிலேயே மின்யான் கூடும். பெற்றோரை இழந்தவர் 11 மாதம் கதீஷ் சொல்ல வேண்டும், எபிரேய எழுத்தே தெரியாதவருக்கு அதைச் சொல்லுக்குச் சொல் கற்பிப்பவரும் பெரும்பாலும் ரபிதான். அவரே கோஹேன் குடும்பமாக இருந்து ஆர்த்தடாக்ஸ் முறையைப் பின்பற்றினால் ஒரு சிக்கல் உண்டு. கோஹேன் சவத்தின் அருகே போகக் கூடாது என்பதால் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையாமல் தள்ளி நிற்பார்.

பெண்கள் ரபி ஆகலாமா?

பிரிவைப் பொறுத்தது. சீர்திருத்தப் பிரிவு 1972இல் சாலி பிரிசாண்டுக்கும், கன்சர்வேட்டிவ் பிரிவு 1985இல் ஏமி ஐல்பெர்குக்கும் பட்டம் கொடுத்தன. ஆர்த்தடாக்ஸ் அமைப்புகளில் பெரும்பான்மை இன்னும் ஏற்கவில்லை. 2009இல் சாரா ஹர்விட்ஸுக்கு, ரபி என்ற பெயருக்குப் பதிலாக, மஹாரத் என்ற பட்டம் தரப்பட்ட பிறகு அங்கேயும் ஒரு சிறு வாசல் திறந்திருக்கிறது.

ஆனால் முதல் பெண் ரபி இவர்கள் யாரும் அல்லர். பெர்லினில் பிறந்த ரெகினா யோனாஸ், பெண் ரபி ஆவதற்கு யூதச் சட்டம் இடம் தருகிறதா என்ற கேள்வியையே தன் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டார். இடம் தருகிறது என்று பழைய நூல்களிலிருந்தே வாதிட்டார். 1935இல் ரபி மாக்ஸ் டீனெமன் அவருக்குப் பட்டம் கொடுத்தார். நாஜி ஆட்சியில் ரபிகள் பலர் சிறைப்பட்டும் நாட்டைவிட்டு வெளியேறியும் போனபோது, ரபி இல்லாத சபைகளுக்கு அவர் போய்ப் பேசினார். 1942இல் தெரேசியன்ஸ்டாட் என்ற நாஜி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கேயும் சொற்பொழிவாற்றினார், ரயிலில் புதிதாக வந்து இறங்கியவர்களை எதிர்கொண்டு ஆறுதல் சொன்னார். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 1990களின் தொடக்கத்தில், அவருடைய காகிதங்கள் ஆவணக்காப்பகத்தில் வெளிப்பட்ட பின்புதான் உலகம் அவரைத் திரும்ப அறிந்தது. அவரை அறிந்திருந்து உயிர் பிழைத்தவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை.

தொழுகைக்கூடத்தில் பள்ளிக்கூடம் எதற்கு?

என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ரபி இல்லாமல் வாழ்ந்த யூத ஊர்கள் உண்டு, ஆசிரியர் இல்லாமல் நீடித்த ஊர் இல்லை. எருசலேம் தல்மூதில் ஒரு சம்பவம். ஊர் ஊராகப் போய் ஆசிரியர்களை அமர்த்தும் பொறுப்போடு மூன்று அறிஞர்கள் புறப்படுகிறார்கள். ஓர் ஊரில் ஆசிரியரே இல்லை. "இந்த ஊரின் காவலர்களைக் கூட்டிவாருங்கள்" என்கிறார்கள். ஊரார் ராக்காவல்காரர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இவர்கள் காவலர்கள் இல்லை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர்கள்தான் காவலர்கள் என்கிறார்கள் அறிஞர்கள்.

வெறும் போற்றுதலோடு விடவில்லை, கணக்கும் வைத்திருக்கிறார்கள். ஒரு ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 ஆனால் ஒரு துணையாள், 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள் என்று பாபிலோனியத் தல்மூது சொல்கிறது. ஊர்தோறும் ஆசிரியரை வைத்து, ஆறேழு வயதில் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தவர் யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு என்றும் அது பதிவு செய்கிறது. ஏமனில் புத்தகம் குறைவு. ஒரே புத்தகத்தைச் சுற்றிப் பிள்ளைகள் உட்காருவார்கள், அதனால் பக்கவாட்டிலும் தலைகீழாகவும் வாசிக்கப் பழகிவிட்டார்கள்.

அமெரிக்காவில் ரெபெக்கா கிராட்ஸ் 1838இல் பிலடெல்பியாவில் இலவச ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். ஆண், பெண் இருபாலருக்கும். கற்பித்தவர்கள் பெண்கள், ஊதியம் இல்லாமல். ஆங்கிலத்தில் யூதப் பாடநூல் கிடைக்காததால் கிறிஸ்தவ ஞாயிறு பள்ளிப் புத்தகங்களை எடுத்து, ஒவ்வாத பகுதிகளின் மேல் காகிதம் ஒட்டிப் பாடம் நடத்தினார்கள்.

இன்று நடுத்தர அளவுள்ள ஒரு சபையில் கல்வி இயக்குநர், மழலையர் பள்ளித் தலைமை ஆசிரியை, பள்ளி விட்டபின் வரும் பிள்ளைகளுக்கு எபிரேய ஆசிரியர்கள், பதின்ம வயதினருக்கு ஒரு இளைஞர் பொறுப்பாளர் என்று ஒரு குழுவே இருக்கும். மத விதிகளுக்குப் பொறுப்பேற்கும் வயது வந்ததைக் கொண்டாடும் சடங்கு பையனுக்கு 13 வயதில் பார் மிட்ஸ்வா, பெண்ணுக்கு 12 அல்லது 13இல் பாத் மிட்ஸ்வா. அதற்குப் பல மாதம் முன்பே பயிற்சி ஆசிரியர் பிள்ளையோடு உட்கார்ந்து, அந்த வாரப் பகுதியை ராகத்தோடு மனப்பாடம் ஆகும்வரை சொல்லிக்கொடுப்பார். அமெரிக்காவில் பெண் பிள்ளைக்கு இப்படி முதன்முதலாக நடந்தது 1922இல், ரபி மொர்தெகாய் கப்லானின் மகள் ஜூடித்துக்கு.

ரெபே என்கிறார்களே, அவரும் ரபியும் ஒன்றா?

ஆர்த்தடாக்ஸ் யூதர்களில் பக்தி மரபைச் சேர்ந்த ஹசிடிக் குழுக்களின் ஆன்மிகத் தலைவரை ரெபே என்பார்கள். அது பெரும்பாலும் குடும்ப வழியில் வரும் பதவி. அவற்றில் ஹபாத் என்ற இயக்கம் இளம் ரபித் தம்பதிகளை உலகமெங்கும் அனுப்புகிறது. கணவனும் மனைவியும் சேர்ந்தே பணி செய்வார்கள்: தொழுகை, வகுப்பு, வழிப்போக்கருக்கு யூத விதிப்படி சாப்பாடு. 2008 நவம்பர் தாக்குதலில் மும்பை நரிமன் ஹவுஸில் கொல்லப்பட்ட கவ்ரியேல், ரிவ்கா ஹோல்ட்ஸ்பெர்க் இப்படி வந்த தம்பதிதான். அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்து காப்பாற்றியவர் சாண்ட்ரா சாமுவேல் என்ற பணிப்பெண்.

நண்பர் மகனின் பார் மிட்ஸ்வாவுக்கு அழைத்திருக்கிறார்கள். ரபியிடம் எப்படிப் பேசுவது? என்ன கவனிக்க வேண்டும்?

"ரபி" என்று சொல்லிக் குடும்பப் பெயரைச் சேர்த்து அழையுங்கள், வெறும் "ரபி" என்றாலும் மரியாதைதான். கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம், கேள்வியை அவர்கள் விரும்புவார்கள். ஆர்த்தடாக்ஸ் சபை என்றால் எதிர்பாலினத்தவரோடு கை குலுக்கமாட்டார்கள், அவர்களாகக் கை நீட்டினால் ஒழிய நீங்கள் நீட்டாதீர்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்காருவார்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும், குல்லா வாசலிலேயே வைத்திருப்பார்கள்.

சபாத் அன்று போனை எடுக்காதீர்கள், படம் பிடிக்காதீர்கள். சுருளை வெளியே எடுக்கும்போது எல்லோரும் எழுவார்கள், நீங்களும் எழுந்து நில்லுங்கள். பையன் வாசித்து முடித்ததும் சில சபைகளில் மிட்டாய் எறிவார்கள், திடுக்கிட வேண்டாம். பரிசாகப் பணம் கொடுப்பதாக இருந்தால் 18இன் மடங்காகக் கொடுப்பது வழக்கம். 36 அல்லது 54 டாலர் என்பதுபோல. சபாத் அன்று கையில் கொண்டுபோகாமல், முன்னதாகவோ மறுநாளோ வீட்டில் சேர்த்துவிடுங்கள். அப்புறம், பையனைப் பாராட்டும்போது பக்கத்தில் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் நின்றால் அவருக்கும் ஒரு வாழ்த்துச் சொல்லுங்கள்.